தோழன் நிற்பது வலது பக்கம்

எழுபதுகளின் கடைசி. கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்களில், வீட்டுக்கு ஒருவர் கல்ஃபுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். தனுவச்சபுரம் போகிற ரோட்டில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். காலேஜ் பிள்ளைகள்தான் என் வாடிக்கை. அது போக எனக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் அழகைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, எங்கள் பக்கத்தில் சொந்தமாகக் கோட்டு வைத்திருந்த கல்யாணமாகாத ஆள் நான் ஒருவன்தான் என்று.

தோழன் என்றால் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பவன் என்று பலரும் நினைக்கிறார்கள். அட, செய்து பார்த்தால் தெரியும். காலையில் மாப்பிள்ளைக்கு டை கட்டிவிட வேண்டும். கல்யாணச் சாரியைப் பெண் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். தாலியை உள் பையில் வைத்து, அது இருக்கிறதா என்று மூச்சுக்கு மூச்சு தொட்டுப் பார்க்க வேண்டும். சர்ச்சில் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் நின்று வேர்வையைத் துடைத்துவிட வேண்டும். பந்தியில் பெண் வீட்டுக்காரர்கள் கேலி செய்தால் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்காகத் தோழன்தான் பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை சொந்த வாயால் பேச வேண்டிய ஒரே இடம், போதகர் முன்னால் உடன்படிக்கை சொல்லும் இடம். அங்கே மட்டும் தோழனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு முறை மாப்பிள்ளை என் பள்ளிக்கூடத்துக் கூட்டுக்காரன். நாலு வருஷம் கல்ஃபில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வேலை. அவன் வருவதற்கு முன்பே வீட்டில் போட்டோவைக் காட்டிப் பெண் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு மாத லீவில் வந்தான். வந்ததிலிருந்து, கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை அவன் அலறவிட்டதில் அக்கம்பக்கத்துக் கோழிகள்கூட அந்தப் பக்கம் மேயவில்லை. அவன் அம்மா என்னிடம் குறைப்பட்டாள்.

"வெளிநாட்டுக்குப் போனவனுக்குப் பவுசு கூடிப்போச்சு, கேட்டியா? பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான்."

பெண் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். பெரியவர்களே பேசினார்கள், இவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். நடுவில், இவன் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுக்களைப் பக்கம் ஏதோ பெரிய மூடி 'டமார்' என்று சிமென்ட் தரையில் விழுந்தது. எல்லாரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினோம். இவன் மட்டும் அசையாமல் டீ குடித்துக்கொண்டிருந்தான். அடேயப்பா, கல்ஃப் போனால் என்ன ஒரு நிதானம் வருகிறது என்று நான் உள்ளுக்குள் பொறாமைப்பட்டேன்.

சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் பாறசாலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவன் முன்னால், நான் பின்னால். இறக்கத்தில் எனக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. நான் ஒதுங்கிவிட்டேன். அவன் நடு ரோட்டில் ஜாலியாகப் போகிறான். நான் கத்துகிறேன், டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் அமுக்குகிறார், அவன் திரும்பவே இல்லை. பிரேக் போட்டதில் பஸ் கோணலாகி, அவன் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதையும் அவன் அவர் வாயையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைக்குத் திரும்பியதும் அவன் சட்டையைப் பிடித்தேன். "எலே, உனக்குச் செவி கேக்காதா?"

"பைய சொல்லுலே. எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லு."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கப்பலின் இரும்புத் தொட்டிக்குள் நின்று சுத்தியலால் துரு தட்டுகிற வேலை. தட்டித் தட்டி வலது செவி அடியோடு போய்விட்டது. இடது செவி, யாராவது ஒட்டி நின்று சொன்னால் மட்டும் கேட்கும். மற்றதெல்லாம் எதிராளியின் வாயைப் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"அந்தப் பெண்ணுக்குத் தெரியாண்டாமாலே?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா கல்யாணக் கெட்டு நின்னுரும். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி உண்டு. ஓலை வாசிச்ச கல்யாணம் முடங்கினா, பொறவு எங்க வீட்டுப் படியை எவன் மிதிப்பான்?"

அந்த வாரம் முழுக்க நான் பதட்டத்தில் கஞ்சித் தண்ணி குடித்தே ஓட்டினேன். ஒரு பக்கம் அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம் இவன் தங்கைகள். அதைவிடப் பெரிய பயம், சர்ச்சில் போதகர் கேட்கிற கேள்வி இவனுக்குக் கேட்காதே! சபை நிறைந்து உட்கார்ந்திருக்கும்போது 'சம்மதமா?' என்று கேட்டு மாப்பிள்ளை பேசாமல் நின்றால், அது சம்மதமில்லை என்றுதானே ஆகும்? நான் காதில் சொல்லலாம் என்றால், தோழன் நிற்பது வலது பக்கம். அவனுக்கு அடியோடு போன செவியும் வலதுதான். என் ராசி அப்படி.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். எங்கள் சபையில் போதகர் முதலில் சம்மதம் கேட்பார். பிறகு உடன்படிக்கையை வரி வரியாகச் சொல்லித் தருவார். நான் பின்னாலிருந்து அவன் முதுகில் விரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் 'சம்மதம்'. அதற்கப்புறம் ஒவ்வொரு அமுக்குக்கும் ஒவ்வொரு வரி. கடையின் பின்பக்கம், பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் நின்று அத்தனையையும் உருப்போட்டான். காற்றடிக்க வந்த காலேஜ் பிள்ளைகள், நான் அவன் முதுகைக் குத்துவதையும் அவன் 'நோயிலும் சுகத்திலும்' என்று உருகுவதையும் பார்த்துவிட்டு, காற்றடிக்காமலேயே போய்விட்டார்கள்.

கல்யாண நாள் காலையில் அவனுக்கு டை கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மக்கா, சாரி கொடுக்க நீதானே போற? அவகிட்ட காரியத்தைச் சொல்லிரு. வேண்டாம்னு சொன்னா, இந்தக் கோட்டைக் கழத்தி வச்சிருவேன். ஏமாத்திக் கெட்டினான்னு ஒரு பேரு எனக்கு வேண்டாம்."

"இதை நேத்தே சொன்னா என்னலே, பாவி!" என்று கத்தினேன். அது அவனுக்குக் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

கல்ஃபிலிருந்து வந்த வெள்ளைச் சாரியும், தலையில் போடுகிற நெட்டும், பூச்செண்டும் மடியில் இருக்க, அம்பாசிடர் காரில் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். எல்லா ஆரம்பமும் அசிங்கமாக இருந்தது.

பெண் வீட்டுக்காரர்கள் முன்பு ஜமீன்தார் ஒருவரின் தோட்டத்தில் குடிகிடப்பாக, அதாவது அவர் நிலத்தில் குடிசை போட்டு, இருந்தவர்கள். நிலச் சட்டம் வந்த பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் அவர்கள் பெயருக்கு ஆனது. அந்தப் பத்து சென்ட்டில் ஒரே ஒரு முறி, அதாவது அறை, உள்ள வீடு; மிச்சம் முழுக்கப் பந்தல். அந்த முறிக்குள்தான் பெண்ணும், ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேரும். தனியாக ஒரு வார்த்தை பேச அங்கே ஒரு மூலை கிடையாது.

சாரியைக் கொடுக்கிற சாக்கில் முறி வாசலில் நின்றேன். பெண்ணின் மாமி ஒருத்தி கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பெண்ணுகிட்ட ஒரு காரியம் சொல்லணும்," என்றேன்.

"என்கிட்ட சொல்லு, நான் சொல்லுதேன்."

"இல்ல... சாரிக்குக் குத்த ஊசி இருக்குதான்னு..."

"ஊசி இல்லாத வீடாக்கும் இது?" என்று அவள் கேட்டாள். உள்ளே ஒரே சிரிப்பு.

அதற்குள் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்பதால் மரியாதை செய்கிறாராம். என்ன மரியாதை என்றால், பத்து சென்ட்டின் எல்லைக் கல்லை ஒவ்வொன்றாகக் காட்டினார். "முந்தி ஒரு முருங்கைக் கம்பு நடணும்னாலும் தம்புரான்கிட்ட கேக்கணும். இப்பம் பாத்தியா? இந்தக் கல்லு வரை நமக்க பூமியாக்கும்." அவர் கண்ணில் தண்ணீர். வேறு நாளாக இருந்தால் நானும் அழுதிருப்பேன். அன்றைக்கு என் கண் அந்த முறியின் ஜன்னலிலேயே இருந்தது.

நாலாவது கல்லில் அவரை யாரோ கூப்பிட, நான் நழுவி ஜன்னல் பக்கம் போனேன். பெண் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். என்னை நேராகப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "மாமி, இங்க வாங்க, இந்தப் பூவைக் கொஞ்சம் பிடிங்க," என்று கூப்பிட்டாள். மாமி வந்து ஜன்னலை நிறைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக ஒரு வாய்ப்பு. ஜெபத்துக்காகப் பெண்ணைப் பந்தலுக்கு அழைத்து வந்தார்கள். நான் கூட்டத்துக்குள் நுழைந்து அவளுக்கு ஒரு எட்டு தூரத்தில் நின்றேன். கொஞ்சம் குனிந்தால் சொல்லிவிடலாம். அவள் சட்டென்று மாமியின் கையைக் கோத்துக்கொண்டு, "என்கூடவே நில்லுங்க மாமி," என்றாள். பாவம், வெட்கம் என்று நினைத்தேன். வெளியே கார் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போனபோது கூட்டுக்காரன் வாசலிலேயே நின்றிருந்தான். இல்லை என்று தலையை அசைத்தேன்.

"சொல்லல்லியா?"

"எப்படிச் சொல்ல? அங்க காத்து போக இடமில்ல!"

அவன் காரில் சர்ச்சுக்குப் போகும் வரை உடன்படிக்கையை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கல்யாணம் பெண்ணின் சபையில். சர்ச்சுக்குள் நுழைந்ததும் எனக்கு முதல் இடி. அங்கே எல்லாம் மலையாளத்தில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் எல்லை ஊர்களில் இது ஒரு விஷயமே கிடையாது. பாட்டைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம். சண்டையை மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்போம். எந்தப் பாஷையில் கெட்டு நடக்கும் என்று கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. இவன் உருப்போட்டதோ முழுக்கத் தமிழ். போதாக்குறைக்கு, போதகருக்கு நெஞ்சு வரை தாடி. தலையைப் புத்தகத்துக்குள் கவிழ்த்துக்கொண்டுதான் வாசித்தார். உதட்டைப் பார்க்க வழியே இல்லை.

"இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா?" என்று அவர் சபையைப் பார்த்துக் கேட்டபோது நான் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். சொல்லக்கூடிய ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். உள் பையில் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் போதகர் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். எங்கள் போதகர் மாதிரி நேரே கேள்விக்கு வரவில்லை. புத்திமதி சொல்லிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார். நான் பதட்டத்தில் முதுகை அமுக்கிவிட்டேன்.

"சம்மதம்!" என்று இவன் முழங்கினான்.

சர்ச்சே சிரித்தது. "மாப்பிளக்கு என்ன அவசரம், கேட்டியா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். போதகரும் சிரித்தார். புத்திமதியை முடித்துவிட்டு, இவளை மனைவியாக ஏற்கச் சம்மதமா என்று இப்போது நிஜமாகவே கேட்டார். "இவளெ பார்யயாயி ஸ்வீகரிப்பான் நினக்கு சம்மதமோ?"

நான் அமுக்கினேன். அவன் கணக்கில் சம்மதம் முடிந்தாயிற்று. அடுத்தது உடன்படிக்கை அல்லவா? "இன்று முதல் நன்மையிலும்..." என்று தமிழில் ஆரம்பித்துவிட்டான். போதகர் கையை உயர்த்தி நிறுத்தினார். எங்கேயோ தப்பிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டான். போதகர் மறுபடியும் கேட்டார், "சம்மதமோ?" நான் அமுக்கினேன். அவன் பேசவில்லை. மறுபடி அமுக்கினேன், கிட்டத்தட்டக் குத்தினேன். கழுத்தில் வேர்வை வழிய, கல் மாதிரி நின்றான்.

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. முன் வரிசையில் பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். துடைக்க வேண்டிய கைக்குட்டை என் கையில் இருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போது அந்தப் பெண் முகத்து மேல் கிடந்த நெட்டை ஒரு கையால் ஒதுக்கினாள். இடது பக்கம் அவள்தானே நிற்கிறாள். குதிகாலை உயர்த்தி எம்பி, அவன் இடது செவியோடு ஒட்டி ஏதோ சொன்னாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு போதகரைப் பார்த்து, தெளிவாக, "சம்மதம்," என்றான்.

சபையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. போதகர் உடன்படிக்கையின் முதல் வரியைச் சொன்னார். அவள் மறுபடி எம்பி அதை அவன் செவியில் சொன்னாள். அவன் மலையாளத்திலேயே திருப்பிச் சொன்னான். போதகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் இடது பக்கமாக நகர்ந்து வந்து, குரலை உயர்த்தி அடுத்த வரியைச் சொன்னார். தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் என் வேர்வையைத் துடைத்த துடைப்பில், மாப்பிள்ளை நானோ என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

வெளியே வந்ததும் மாமி பிடித்துக்கொண்டாள். "என்ன பெண்ணே, கெட்டுக்கு முன்னயே மாப்பிள செவியில குசுகுசுப்பு?"

பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. "அவருக்குக் கல்ஃபுக்குப் போயி மலையாளம் மறந்துபோச்சு மாமி. சொல்லிக் கொடுக்காண்டாமா?"

மலையாளிகள் நிறைந்த கல்ஃபில் மலையாளம் மறக்கிறதாவது! ஆனாலும் ஊர் அதை நம்பியது. கல்ஃபுக்காரனுக்குப் பவுசு என்றால் எங்கள் ஊர் எதை வேண்டுமானாலும் நம்பும்.

பந்தியில் நான் அவனுக்கு வலது பக்கம், அவள் இடது பக்கம். பரிமாறுகிறவர்கள் நகர்ந்த நேரம், அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்து அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "காலையில நான் வந்தது..."

"அதைச் சொல்லத்தான்னு எனக்கு மனசிலாச்சு அண்ணா," என்றாள். "அந்த முறியில நின்னு நீங்க வாயைத் திறந்திருந்தா மாமி கேட்டிருப்பா. மாமி கேட்டா அப்பா கேட்டிருப்பாரு. கெட்டு அங்கயே நின்னிருக்கும். அதாக்கும் மாமியை விடாமப் பிடிச்சு வச்சேன்."

"அப்பம்... உனக்கு முன்னயே தெரியுமா?"

"பெண்ணு காண வந்தப்பம் அப்பா பின்னால நின்னு ரெண்டு தடவை பேரு விளிச்சாரு. இவரு திரும்பல்ல. இடது பக்கம் ஒட்டி இருந்து பேசினப்பம் மட்டும் கேட்டாரு. சந்தேகம் வந்திச்சு. பானை மூடியை நானாக்கும் கீழ போட்டது."

வாயில் வைத்த அப்பளத்தோடு அப்படியே இருந்துவிட்டேன். தெரிந்துமா சம்மதித்தாய் என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"டீ கொடுத்தப்பம், சீனி போதுமான்னு கேட்டேன். என் வாயைப் பாத்து மனசிலாக்கிப் பதில் சொன்னாரு. எங்க வீட்டுல யாரும் எனக்க முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல அண்ணா. இவரு கண்ணை எடுக்காமப் பாத்துக் கேட்டாரு. எனக்கு அது பிடிச்சுப்போச்சு."

அப்புறம் அவள் முகம் மாறியது. அவன் இடது செவிப் பக்கம் சாய்ந்து, எனக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஆனா ஒரு வார்த்தை நீங்களே சொல்லியிருக்கலாம். இனி என்கிட்ட ஒண்ணும் மறைக்காண்டாம்." அவள் கண் நிறைந்திருந்தது. கோபமும் இருந்தது. அவன் இலையைப் பார்த்தபடி தலையாட்டினான். அந்த இலையில் அவன் சாப்பிட்டது கொஞ்சம்தான்.

அவன் திரும்பவும் கல்ஃபுக்குப் போனான், இந்த முறை துரு தட்டுகிற வேலைக்கு அல்ல, ஒரு கடையில். சில வருஷத்தில் ஊருக்கே வந்துவிட்டான். இரண்டு தங்கைகளையும் நல்லபடி கட்டிக்கொடுத்தான். இரண்டுக்கும் பெண் வீட்டு ஆளாக முன்னால் நின்றது அவள்தான். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் அவள் அவனுக்கு இடது பக்கம்தான் உட்காருவாள். எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று. தோழன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

அந்த வாரம் முழுக்க நானும் அவனும் அந்தப் பெண்ணுக்காகப் பயந்து செத்தோம். ஏமாந்துவிடுவாளே, கைவிட்டுவிடுவாளே என்று மாறி மாறி நினைத்தோமே தவிர, அவளுக்கும் கண்ணும் புத்தியும் உண்டு என்று இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. சர்ச்சில் எல்லார் முன்னாலும் கேட்ட அந்தச் சம்மதத்தை, பானை மூடியைக் கீழே போட்ட அன்றே அவள் மனசுக்குள் சொல்லி முடித்திருந்தாள். அதனால், இன்றும் எந்தக் கல்யாணத்தில் போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.